சுண்டைக்காயும் சுமைகூலியும்

“சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்” என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. வாணிக நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைக்கும் உண்மையொன்றை நம் முன்னோர் நான்கு சொற்களில் அடக்கிவிட்டனர். பொருள் மலிவானதாயினும், அதைக் கொண்டு சேர்க்கும் செலவு மலிவாவதில்லை. இவ்வுண்மையை உலகம் எப்படிப் படிப்படியாக எதிர்கொண்டது என்பதை, இன்றைய இளைஞர் விரும்பிச் சேகரிக்கும் சிறு அட்டைகளின் வரலாற்றைக் கொண்டு விளக்கலாம் என்று கருதுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தீப்பெட்டிப் படங்களையும் அஞ்சல் தலைகளையும் விளையாட்டு வீரர் படங்களையும் சேர்க்கும் சிறுவர் எல்லா வகுப்பிலும் இருந்தனர். அவர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வார்கள், விற்பதில்லை. ஒரே வகுப்பறைக்குள் பொருள் கைமாறுவதற்குச் சுமைகூலி இல்லை. அந்தப் பொருளே ஊர் கடந்து செல்ல வேண்டுமானால் கணக்கு வேறாகிவிடுகிறது.

இக்கணக்கை முதன்முதலில் தெளிவாகப் போட்டவர்களுள் ஒருவர், நம் தொழிலைச் சேர்ந்தவர். இங்கிலாந்து நாட்டு ரோலண்டு ஹில் என்பவர் அஞ்சல் துறைக்கு வருமுன் பள்ளி ஆசிரியராக விளங்கியவர். அந்நாளில் கடிதத்தின் கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்திருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதைச் செலுத்துவார். ஹில் 1837-ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கு ஆகும் செலவு, ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்கே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அங்ஙனமாயின் மிகுந்த செலவு எதனால்? கடிதத்தை வாங்குவது, கட்டணம் கணக்கிடுவது, பதிவது, வீடு தேடிச் சென்று காசு பெறுவது ஆகிய கைவேலைகளால். ஆகவே கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். அஃது எல்லாத் தொலைவுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்றார். 1840 ஜனவரியில் அரை அவுன்சுக் கடிதத்துக்கு ஒரு பென்னி என்னும் சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் முதல் அஞ்சல் தலை வெளிவந்தது. 1839-இல் ஏறத்தாழ 7½ கோடியாக இருந்த கடிதங்கள், 1840-இல் 16 கோடியைத் தாண்டின.

ஹில் கண்ட உண்மையை நினைவில் வையுங்கள். சிறு பொருளின் பகைவன் தொலைவு அன்று. ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து நிற்கும் நிலைச்செலவு. பொருளின் விலை குறையக் குறைய, அந்நிலைச்செலவு பூதாகாரமாகத் தோன்றும்.

இனி அட்டைகளுக்கு வருவோம். 1880-களில் அமெரிக்காவில், சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. அவை நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைக்கப்பட்டது. வெறும் அட்டையாக இருப்பானேன் என்று எண்ணி, ரிச்மண்டு நகரத்து ஆலன் அண்டு கின்டர் முதலிய நிறுவனங்கள் அதில் விளையாட்டு வீரர், பறவைகள், நாடுகளின் கொடிகள் ஆகியவற்றை வண்ணத்தில் அச்சிட்டன. இங்கிலாந்திலும் வில்ஸ், ஜான் பிளேயர் முதலிய நிறுவனங்கள் இவ்வழியைப் பின்பற்றின. புகைப்பழக்கத்தை வளர்க்கப் பிள்ளைகளின் ஆவலைத் தூண்டில் புழுவாக்கிய இச்செயலை நான் பாராட்டமாட்டேன். ஆயினும் வாணிக முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டைக்குத் தனிச் சுமைகூலி இல்லை. வேறொரு பொருளின் தோளில் ஏறி அது ஊர் சுற்றியது.

பொட்டலத்தில் எந்த அட்டை வரும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. 50 அட்டைகள் கொண்ட வரிசையில் 48 கிடைத்தவன் மற்ற இரண்டுக்காக ஏங்குவான். அந்த இரண்டைத் தேடித் தருவதே ஒரு தொழிலாயிற்று. 1927-இல் லண்டன் சிகரெட் கார்டு கம்பெனி தொடங்கப்பட்டது. முழு வரிசைகளையும் உதிரி அட்டைகளையும் விலைப்பட்டியல் வழியே விற்பது இதன் தொழில். இரண்டாம் உலகப் போரில் காகிதப் பஞ்சம் நேர்ந்ததால், 1940-இல் பிரிட்டனில் சிகரெட் அட்டைகள் நின்றுபோயின. அட்டை அச்சிடுவது நின்ற பின்னும் அட்டை வாணிகம் நிற்கவில்லை.

உதிரி அட்டை விற்பவனுக்குச் சுமைகூலிக்கு அடுத்த இடையூறு, பொருளை விளக்கும் உழைப்பு. “நீலச் சட்டை அணிந்த வீரர், கையில் மட்டை, பின்புறம் இன்ன விளம்பரம்” என்று இரண்டு காசுப் பொருளுக்கு இருபது வரி எழுதினால் மையின் விலையும் கட்டாது. இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஜெபர்சன் பர்டிக். மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் உழைத்தவர், மூட்டுவாதத்தால் துன்புற்றவர். செல்வர் அல்லர். அவர் 1939-இல் அட்டைகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் அளித்தார். புகழ்பெற்ற ஒரு பேஸ்பால் வரிசைக்கு அவர் இட்ட ‘டி-206’ என்னும் குறியீடு இன்றும் வழங்குகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரு சொல்லால் ஒரு பொருளைச் சுட்ட முடிந்தது. தாம் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு அளித்து, ஆண்டுக்கணக்கில் அங்கே அமர்ந்து தம் கையாலேயே ஏடுகளில் ஒட்டினார். 1963-இன் தொடக்கத்தில் அப்பணியை முடித்தார், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

பின்னர் அட்டைகள் புகையிலையை விட்டு நீங்கிச் சூயிங்கம்மோடு சேர்ந்தன. புரூக்ளின் நகரத்து டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் பெயர் பெற்றவை. அவற்றுள் கடைசித் தொகுதி காலந்தாழ்ந்து வந்ததால் விற்பனையாகவில்லை. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த அவற்றை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்நிறுவனத்தின் சை பெர்கர் பிற்காலத்தில் கூறினார். அந்தக் கடைசித் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது.

இச்செய்தியைக் கேட்ட இளைஞர் பலர், ‘பெட்டியில் உள்ள பழைய அட்டையெல்லாம் பொன்’ என்று மயங்குகின்றனர். உண்மை வேறு. 1980-களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் அளவின்றி அச்சிட்ட அட்டைகள் பெரும்பாலும் இன்று சில சென்ட்டுகளே பெறும். 1993-இல் ரிச்சர்டு கார்பீல்டு என்பவர் அமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டமும், 1996-இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் அட்டைகளும் கோடிக்கணக்கில் பரவின. அவற்றிலும் விலை மிக்கவை சில, எளியவை எண்ணில. எளியவற்றை நட்டமின்றி விற்பது எப்படி என்பதே நம் வினா.

1995 செப்டம்பரில் பியர் ஓமிட்யார் என்பவர் கலிபோர்னியாவில் இணையவழி ஏலக்கடை ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. கடை வாடகை இல்லை, உலகமே வாடிக்கையாளர். சுண்டைக்காய்க்கு நல்ல காலம் பிறந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் சுமைகூலி விடவில்லை. கரும்பலகையில் எழுதுவது போல் ஒரு கணக்குப் பார்ப்போம்.

2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் ஒருவர் ஓர் அட்டையை, அஞ்சற்செலவும் உள்ளடங்க 1 டாலருக்கு விற்கிறார் என்க. அங்காடி பெறும் தரகு நூற்றுக்கு 13-க்குச் சற்று மேல். ஆகவே 13 சென்ட். அதனோடு ஒவ்வோர் ஆணைக்கும் நிலைக்கட்டணம் 30 சென்ட். மீதி 57 சென்ட். சாதாரணக் கடிதத்துக்கு அஞ்சல் தலை 73 சென்ட். உறையும் அட்டையைக் காக்கும் மேலுறையும் வாங்குமுன்பே 16 சென்ட் நட்டம்! அட்டை இலவசமாகக் கிடைத்திருந்தாலும் நட்டமே. அஞ்சற்செலவை வாங்குபவரிடம் தனியே பெற்றால் என்ன எனக் கேட்பீர்கள். அத்தொகைக்கும் சேர்த்தே தரகு கணக்கிடப்படும். மேலும் 1 டாலர்ப் பொருளுக்கு 1 டாலர் 73 சென்ட் கொடுக்க வாங்குபவர் தயங்குவார்.

இப்பொழுது பத்து அட்டைகளை ஒருவருக்கே 10 டாலருக்கு விற்பதாகக் கொள்வோம். தரகும் நிலைக்கட்டணமும் சேர்ந்து 1 டாலர் 63 சென்ட். எடை கூடியதால் அஞ்சல் தலை ஏறத்தாழ 1 டாலர். உறைச்செலவு 30 சென்ட் என்று வைத்தாலும் 7 டாலர் மிஞ்சும். அட்டைக்கு 70 சென்ட். அதே அட்டை, அதே விலை. தனியே சென்றால் நட்டம், கூட்டமாய்ச் சென்றால் ஆதாயம்! ஹில் கண்ட நிலைச்செலவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டதே இதன் மருமம்.

எனவேதான் இத்தொழிலில் நிலைத்தவர்கள் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். உதிரியாக விற்பதற்கு ஒரு தாழ்ந்த விலையெல்லையை வகுத்து, அதற்குக் குறைந்தவற்றை வரிசையாகவோ கட்டாகவோ விற்கின்றனர். ஒருவரே பல அட்டைகள் வாங்கினால் ஒரே உறையில் அனுப்பி, அஞ்சற்செலவைக் குறைத்துத் தருகின்றனர். கடித உறையின் தடிப்பும் எடையும் மீறாமல், அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது பரப்பி வைக்கின்றனர். அந்நாட்டு விதிப்படி கால் அங்குலத்துக்கு மேல் தடித்தால் கடிதம் கடிதமாக இராது. வளையாத விறைப்பான உறைக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு.

நிறுவனங்களும் இவ்வழியே சிந்தித்தன. அட்டை விற்பனைக்கென்றே அமைந்த டிசிஜி பிளேயர் என்னும் இணைய அங்காடி, வாங்குபவர் விரும்பும் பல அட்டைகளைக் குறைந்த எண்ணிக்கையிலான விற்பனையாளரிடமிருந்து பெறுமாறு கூடையைத் திருத்தித் தரும் முறையை அமைத்தது. பல விற்பனையாளரின் அட்டைகளை ஒரே இடத்தில் திரட்டி ஒரே பொட்டலமாக அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தது. 2022-இல் ஈபே இதை வாங்கியபொழுது இதன் தலைமையகம் இருந்த ஊர் எது தெரியுமா? பர்டிக் வாழ்ந்த அதே சிரக்யூஸ் நகரம்! ஈபேயும் 2021-இல், 20 டாலருக்கு மேற்படாத அட்டைகளைக் கடிதக் கட்டண அளவில் அனுப்பி, அவை செல்லும் வழியையும் அறியத்தக்க ஓர் உறை முறையை அமெரிக்காவில் கொண்டுவந்தது. 1840-இல் ஹில் தீர்த்த கணக்கையே 181 ஆண்டுகளுக்குப் பின் இவர்கள் மறுபடியும் போட்டார்கள்.

இனிக் கணக்கேட்டில் பலர் எழுத மறக்கும் செலவு ஒன்று உண்டு. அதுவே நம் உழைப்பு. ஓர் அட்டையைத் தேடி, படமெடுத்து, விவரம் எழுதி, உறையிலிட ஐந்து நிமிடம் ஆகுமானால், மணிக்கு 12 அட்டைகளே முடியும். அட்டைக்கு 20 சென்ட் மிஞ்சினால், ஒரு மணி உழைப்பின் விலை 2 டாலர் 40 சென்ட். படிக்கும் மாணவன் தன் மாலைப்பொழுதை எந்த விலைக்கு விற்கிறான் என்பதை அறியாமல் விற்பானாயின், பணநட்டத்தைவிடப் பெருநட்டம் அதுவே. பொழுதுபோக்கு என்று அறிந்து செய்தால் குற்றமில்லை. ஆதாயம் என்று மயங்கிச் செய்தல் ஆகாது.

நேர்மையும் இங்கே கணக்கின் ஒரு பகுதியாகிறது. மூலை மழுங்கிய அட்டையைப் புத்தம் புதியது என்று எழுதி விற்றால், வாங்கியவர் திருப்பிக் கேட்பார். ஒரு கட்டின் விலையைத் திருப்பித் தந்தால், அதற்கு முன் அனுப்பிய கட்டுகளின் ஆதாயம் கரையும். குறையை முன்கூட்டியே எழுதுபவர் விலையில் சில காசு இழக்கலாம்; உறக்கத்தை இழப்பதில்லை.

“இவ்வளவு சிறு பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?” என்று நீங்கள் வினவக்கூடும். விலை மிக்க பொருளை எவரும் காப்பர். விலையற்றதைக் காப்பது, அதைக் கைமாற்றும் வாணிகம் நட்டமின்றி நடந்தால்தான் கூடும். காசு பெறாத சிகரெட் அட்டைகளை வாங்கிச் சேர்த்த எட்வர்டு வார்ட்டன்-டைகர் என்பவர் 1995-இல் மறைந்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் அட்டைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. சென்ற தலைமுறைகளின் உடையும் விளையாட்டும் வேடிக்கையும் அவற்றில் படிந்திருக்கின்றன. அவற்றை இரண்டு காசுக்கும் நான்கு காசுக்கும் உறையிலிட்டு அனுப்பிய பெயரறியா விற்பனையாளர் பலருக்கும் வரலாறு கடன்பட்டிருக்கிறது.

ஆகவே, நீங்கள் நாளை அட்டை விற்றாலும், கைவினைப் பொருள் விற்றாலும், பழைய பாடநூல் விற்றாலும், விலையை எழுதுமுன் சுமைகூலியை எழுதுங்கள். தரகு, உறை, அஞ்சல் தலை, உழைப்பு என நான்கையும் ஒரு தாளில் வரிசையாக இடுங்கள். கூட்டிப் பார்த்த பின்னும் மிஞ்சுமாயின், சுண்டைக்காயைத் துணிந்து சந்தைக்கு அனுப்பலாம்.