தலைக்கு வந்தது

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மும்பையிலோ, புணேயிலோ, பெங்களூரிலோ, தில்லியிலோ வீட்டு வாயிலில் வந்து நிற்பவர்கள், இருபது முப்பது பேர் ஒன்றுகூடிச் சைக்கிளில் விரைந்து செல்லும் காட்சியைக் கண்டிருப்பார்கள். முன்னாளில் சைக்கிள் என்பது அலுவலகத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் நம்மைச் சுமந்து சென்ற ஊழியன். இன்றோ அது உடல் நலத்துக்கும் தோழமைக்கும் உரிய கருவியாகிவிட்டது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்த நம்மவர் பலருக்கு, அயல் மொழி பேசுவோரோடு கலந்து பழக இத்தகைய சைக்கிள் குழுக்கள் நல்லதொரு வாயிலாக அமைந்திருக்கின்றன.

அப்படிப்பட்ட குழு ஒன்று புறப்படும் வேளையில் ஒருநாள் நான் அருகில் இருந்தேன். தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வடநாட்டுக்கு வந்து முப்பது ஆண்டுகளைக் கடந்தவர், தமது பழைய சைக்கிளோடு வந்து சேர்ந்தார். குழுவை நடத்தும் இளைஞர் அவரை வணங்கி வரவேற்றார்; பிறகு தயக்கத்தோடு, "ஐயா, தலைக்கவசம் இல்லாதவர்களை நாங்கள் அழைத்துச் செல்வதில்லை" என்றார். பெரியவர் சினங்கொள்ளவில்லை. "தம்பி, பள்ளிக்கூடத்து நாளிலிருந்து மிதித்து வருகிறேன். என் தலைக்கு நான்தானே காவல்? அதற்குச் சட்டம் போட நீங்கள் யார்?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சென்றுவிட்டார்.

அந்தக் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பலர் கூடிச் செல்லும் பயணத்தில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கலாமா என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் வழக்காடப்பட்டு வந்த பொருள். அந்த வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால் பெரியவருக்கும் இளைஞருக்கும் விடை கிடைக்கக்கூடும்.

இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டில் புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் மோட்டார் பந்தயத்துக்கென்றே ஒரு தனிப்பாதை அமைக்கப்பட்டது. அங்கே மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், விழுந்து அடிபட்டு வரும் மோட்டார் சைக்கிள் வீரர்களுள் பலருக்குத் தலையிலேயே காயம் நேர்வதைக் கண்டார். கித்தான் துணியையும் அரக்கையும் கொண்டு உறுதியான தலைக்கவசம் ஒன்றைச் செய்வித்தார். பந்தயங்களை நடத்திய சங்கத்தார் முதலில் அதனை ஏற்க மறுத்தனர். பின்னர் மனம் மாறினர். 1914-ஆம் ஆண்டு மான் தீவில் நடைபெற்ற புகழ்பெற்ற பந்தயத்தில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. இந்த விதியை இட்டது அரசாங்கம் அன்று. வீரர்களை ஒரு பாதைக்கு அழைத்துப் பந்தயம் நடத்தியவர்களே இட்டார்கள். பொதுச் சாலையில் தனியே செல்பவனை அந்த விதி தீண்டவே இல்லை. நாட்டுச் சட்டம் அதே கருத்தை ஏற்க மேலும் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இடைக்காலத்தில் நடந்த ஒரு மரணம் இவ்வரலாற்றைத் திருப்பியது. அரேபியப் பாலைவனப் போரினால் உலகப் புகழ் பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று டார்செட் மாவட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள்மீது மோதாமல் விலக முயன்று தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, நாற்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டபின், முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின் இருக்கையினரும் மாண்டதை எடுத்துக் காட்டி, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை வற்புறுத்தி 1941-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே, செய்தி கொண்டு செல்லும் படைவீரர்கள் கவசம் அணிந்தே செல்ல வேண்டுமென்று இராணுவம் ஆணையிட்டது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பொதுமக்கள் அனைவருக்கும் அது கட்டாயமானது 1973-இல்தான்.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். நெடுங்காலம் பந்தய வீரர்கள் தோல் பட்டைகளைக் கூடைபோல் பின்னிய ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அது சிராய்ப்பைத் தடுக்குமே தவிர, அடியைத் தாங்காது. 1975-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம், நுரைப் பொருளை உள்ளே வைத்துச் சைக்கிளுக்கென்றே ஒரு கவசத்தை வெளியிட்டது. அதன் தத்துவம் எளியது. கீழே விழும் தலை தரையைத் தொட்ட அக்கணமே நின்றுவிட்டால் மூளை மண்டையோட்டில் மோதிச் சிதைகிறது. இடையிலுள்ள நுரை நசுங்கி, அந்த நிறுத்தத்தைச் சில ஆயிரத்திலொரு பங்கு விநாடி நீட்டித்துக் கொடுக்கிறது. அந்தச் சிறு அவகாசமே உயிரைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீள்வதில்லை. ஆகவே அடி வாங்கிய கவசத்தை மீண்டும் அணியலாகாது. ஐரோப்பியத் தரச் சோதனையில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான பரப்பின்மீது கவசத்தை விழச்செய்து பார்க்கிறார்கள். அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். சைக்கிளிலிருந்து சாய்ந்து விழுபவனுடைய தலையின் வீழ்ச்சியும் பெரும்பாலும் இந்த அளவினதே. விரைந்து வரும் லாரியின் மோதலுக்கு இந்தக் கவசம் செய்யப்பட்டதன்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கருவி கிடைத்தும் வீரர்கள் அதை விரும்பவில்லை. 1991-இல் உலகச் சைக்கிள் சங்கம் தொழில்முறைப் பந்தயங்களில் கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றது. வெயிலில் தலை வெந்துபோகும் என்றும், எங்கள் விருப்பம் எங்களுடையது என்றும் வீரர்கள் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கிளர்ச்சி செய்தார்கள். சங்கம் பின்வாங்கியது. 1995 ஜூலை 18 அன்று பிரெஞ்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில், பிரனீஸ் மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த இத்தாலிய வீரர் பாபியோ கசார்ட்டெல்லி விழுந்து, சாலையோரத்துக் கற்காரைக் கட்டையில் தலை மோதி இறந்தார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற அவருக்கு வயது இருபத்து நான்கே. மறுநாள் வீரர்கள் யாரும் போட்டியிடவில்லை. அனைவரும் ஒருங்கே சைக்கிள் மிதித்துச் சென்று, இறுதியில் அவருடைய குழுவினரை முன்னே செல்ல விட்டார்கள். கவசம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது பற்றிக் கருத்து வேற்றுமை எழுந்தது. விதி அப்போதும் மாறவில்லை.

பின்னர் 2003 மார்ச்சில், அதே பாரிஸ்-நீஸ் பந்தயத்தில், கசாக்ஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் வேறு இரு வீரர்களோடு மோதிக் கவசமின்றி விழுந்தார், மறுநாள் மாண்டார். கிளர்ச்சி வென்ற பாதையிலேயே ஓர் உயிர் போயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் உலகச் சங்கம் கவசத்தைக் கட்டாயமாக்கியது. நீண்ட மலையேற்றத்தில் முடியும் பந்தயங்களில் கடைசி ஏற்றத்தின்போது மட்டும் அதைக் கழற்றலாம் என்று முதலில் சலுகை தந்தார்கள். பின்னர் அதுவும் நீங்கியது. இன்று கவசமின்றி ஒரு வீரர் பந்தயத்தில் நிற்பதை யாராலும் கற்பனை செய்ய முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய தலை மாறவில்லை, எண்ணமே மாறியது.

இதனால் தெருவில் சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் சட்டம் வேண்டும் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கே வரலாறு வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை முதல் நாளன்று எல்லாச் சைக்கிள் ஓட்டிகளுக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து 1994-இல் பின்தொடர்ந்தது. தலைக் காயங்கள் குறைந்தன. ஆனால் மெல்போர்ன் நகரில் சைக்கிள் ஓட்டும் பதின்வயதினரின் தொகையும் குறையக் கண்டார்கள். காயம் குறைந்தது கவசத்தாலா, ஓட்டுவோர் குறைந்ததாலா என்ற வாதம் தொடர்ந்தது. மெக்சிகோ நகரம் 2010-இல் தன் கட்டாய விதியை நீக்கிக்கொண்டது. நெதர்லாந்தில் தெருவெல்லாம் சைக்கிள். அன்றாடம் ஓட்டுவோர் பெரும்பாலும் கவசம் அணிவதில்லை. தனிப்பாதைகளும் மெதுவான போக்கும் அங்கே அவர்களைக் காக்கின்றன.

ஆயினும், விழுந்தபின் கவசம் பயன்படுகிறதா என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆராய்ச்சிகளிலிருந்து 64,000-க்கும் மேற்பட்ட அடிபட்ட சைக்கிள் ஓட்டிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. கவசம் அணிந்தோருக்குக் கடுமையான தலைக் காயம் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 69 விழுக்காடு குறைவு என்று அது கண்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குத் தலைக்கவசத்தை விதிக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு அளிக்கிறது. மிதித்துச் செல்லும் சைக்கிளைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே பெரியவரைத் தடுத்த இளைஞருக்கு அரசாங்கச் சட்டத்தின் துணை இல்லை என்பது உண்மை. ஆனால் 1914-இல் மான் தீவில் விதியிட்டவர்களுக்கும் அந்தத் துணை இருக்கவில்லை அன்றோ? அழைத்தவன் பொறுப்பாளி என்ற ஒரே அறமே அவர்களுக்குத் துணை நின்றது.

தனியே செல்பவன் விழுந்தால் அது பெரும்பாலும் அவனோடு நிற்கும். கூட்டத்தில் செல்பவர்களுடைய சக்கரங்களுக்கு இடையே ஒரு முழ இடைவெளிதான் இருக்கும். முன்னவன் ஒரு குழியைக் கண்டு சற்றே ஒதுங்கினால், பின்னவனுடைய முன்சக்கரம் அவனுடைய பின்சக்கரத்தைத் தொடும், அவன் விழுவான், அவன்மீது மூவர் விழுவார்கள். எவ்வளவு தேர்ந்தவரானாலும் அங்கே தம் தலைக்குத் தாமே முழுக் காவலாக இருத்தல் இயலாது. அவருடைய காவலில் பாதி முன்னால் செல்பவன் கையில் இருக்கிறது. பெரியவருக்கு நான் கூறக்கூடிய விடை இதுவே. தெருவில் அவர் சொல்வது சரி; கூட்டத்தில் இளைஞர் சொல்வது சரி.

இளைஞருக்கும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. கட்டாயம் என்று சொல்பவருடைய கடமை அந்தச் சொல்லோடு தீர்ந்துவிடாது. குழி கண்டால் கைகாட்டுதல், இடைவெளி விடுதல், புதியவருக்கேற்ப வேகத்தைக் குறைத்தல் ஆகியவற்றையும் அவர் அதே உறுதியோடு நிலைநாட்ட வேண்டும். இவற்றைக் கைவிட்டுக் கவசத்தை மட்டும் வற்புறுத்துவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். கவசம் வாங்க வசதியில்லாதவரும், விதியை அறியாமல் வந்துவிட்டவரும் வாயிலிலிருந்து திரும்பிப் போகாதபடி, இரவல் கொடுக்க ஒன்றிரண்டு கவசங்களைக் கையில் வைத்திருப்பதும் முறையாகும்.

இதனை அந்த இளைஞரிடம் நான் சொன்னேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அடுத்த ஞாயிறு அவருடைய சைக்கிளில் இரண்டு கவசங்கள் தொங்கின. பெரியவர் வீட்டுக்கு அவரே நேரில் சென்று அழைத்து வந்தார் என்று பிறகு அறிந்தேன். பெரியவர் கவசத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தலைப்பாகை இருந்தால்தானே அதோடு போகும்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தாடையின்கீழ் வாரைத் தாமே இழுத்துக் கட்டிக்கொண்டார். குழு புறப்பட்டது.