வண்டலுக்கு வழிவிட்ட கரைகள்

வங்கதேசத்தின் தென்மேற்கிலுள்ள பாகர்ஹாட் என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது அறுபது குவிமாடப் பள்ளிவாசலே. (பெயர்தான் அறுபது, அதன் கூரையில் 77 குவிமாடங்கள் உள்ளன. தூண்களே 60.) அதனை எழுப்பியவராகக் கருதப்படும் கான் ஜஹான் அலீ ஹிஜ்ரி 863இல், அதாவது 1459இல் மறைந்தார். நாம் இங்கே பேச விழைவது பள்ளிவாசலைப் பற்றியன்று, அதனை அடுத்து விரிந்து கிடக்கும் பெருங்குளத்தைப் பற்றியே. ஆறுகளில் உப்பேறும் அந்நாட்டில் மழைநீரைத் தேக்கிய குளமே மக்களின் தாகம் தீர்த்தது. குளம் வெட்டிய மண் மேடாயிற்று. மேட்டின்மேல் வீடு எழுந்தது. வெள்ளம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டே அங்கு ஊர்கள் அமைந்தன.

வயல்களுக்கும் இதே முறைதான். குல்னா, ஜெஸ்ஸோர் பகுதி உழவர்கள் ‘அஷ்டமாசி பாந்த்’ எனும் எட்டுமாதக் கரைகளைத் தாழ்வாக எழுப்பினர். உப்புநீர் ஏறும் காலத்தில் கரை பயிரைக் காத்தது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் இனிக்கத் தொடங்கியதும் கரை திறக்கப்பட்டது. வண்டல் வயலில் படிந்து, நிலம் ஆண்டுதோறும் சிறிது உயர்ந்தது. கரைகளைப் பேணும் பொறுப்பைப் பெரும்பாலும் ஜமீன்தார்களே ஏற்றிருந்தனர். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. குடிகளுக்கு அது விடுதலையே. ஆயினும் கரைகளைப் பார்ப்பார் இல்லாமற் போயிற்று.

1954, 1955 வெள்ளங்களுக்குப் பின் வந்த ஐக்கிய நாடுகள் குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 1960களில் கடலோரக் கரைத் திட்டம் தொடங்கியது. தாழ்நிலங்களைச் சுற்றி நிரந்தர மண்கரையும் மதகுகளும் எழுந்தன. நெதர்லாந்திலிருந்து ‘போல்டர்’ என்ற சொல்லும் உடன் வந்தது. இன்று அங்குள்ள போல்டர்கள் 139. முதற்சில ஆண்டுகள் விளைச்சல் பெருகியதை மறுப்பதற்கில்லை. ஆனால் வயலுக்குள் நுழைய இயலாத வண்டல் எங்கே போகும்? ஆற்றின் படுகையிலேயே தங்கிற்று. 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா அணை கோடைக்கால நன்னீரைக் குறைத்தது தூர்வதை மேலும் விரைவுபடுத்தியது. ஆற்றுப்படுகை உயர, கரைக்குள் இருந்த நிலமோ வண்டலின்றித் தாழ்ந்தது. 1980களில் மழைநீர் வடிய வழியின்றி, ‘பீல்’ எனப்படும் தாழ்நிலங்கள் ஆண்டு முழுதும் நீரில் மூழ்கிக் கிடந்தன. இறந்தோரை அடக்கம் செய்ய உலர்ந்த மண் தேடி அலைந்த குடும்பங்களின் துயரை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

1990இல் பீல் டகாதியா மக்கள் பொறுமையிழந்து, அரசின் அனுமதியின்றிக் கரையை வெட்டினர். 1997இல் ஹரி நதிக்கரையில் பீல் பைனா மக்களும் அவ்வாறே செய்தனர். இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து வாழும் பகுதி அது. நீர் இருவர் வீட்டிலும் நின்றது. வெட்டிய வாயில் வழியே நாளுக்கு இருமுறை கடலோதம் சேற்றுநீரோடு உள்ளே ஏறியது. வண்டலைப் பீலில் இறக்கிவிட்டுத் தெளிந்து திரும்பிய நீர், வற்றத்தின் வேகத்தில் ஆற்றுப்படுகையை அரித்து ஆழமாக்கியது. 2001இல் வாயிலை அடைத்தபோது நிலம் உயர்ந்திருந்தது, நதியும் ஆழ்ந்திருந்தது. மேலும் மதகுகள் கட்டவே எண்ணியிருந்த வடிகால் திட்டப் பொறியாளர்கள், பின்னர் உழவர்களின் முறையையே ஏற்று ‘ஓதநதி மேலாண்மை’ எனப் பெயரிட்டனர். பாட்டனார் எட்டு மாதக் கணக்கில் செய்ததைப் பேரர்கள் நான்கு ஆண்டுக் கணக்கில் செய்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

2009 மே மாதம் ஐலா புயலில் உடைந்த 32ஆம் போல்டரும் இதனை வேறு வகையில் உணர்த்திற்று. ஏறத்தாழ இரண்டாண்டு ஓதநீரில் கிடந்த அந்நிலத்தில் வண்டல் கனமாகப் படிந்திருந்தது. பக்கத்துச் சுந்தரவனத் தரையோ, கரை கட்டப்படாததால், போல்டரின் உட்புறத்தைவிட ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. கடல்மட்டம் ஏறிவரும் காலத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

எனினும் இம்முறைக்கு ஒரு விலை உண்டு. ஒரு பீலைத் திறந்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் அங்கே பயிரில்லை. நதி ஆழமாவதால் நன்மை பல ஊர்களுக்கு. இழப்போ அந்த ஒரு பீலின் உழவர்களுக்கு. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் ‘ஷிர்ப்’ எனும் பகுதியில், நீரின் முறைவைப்பையும் மேல்மடை, கீழ்மடைக்காரரின் உரிமையையும் கற்பிக்கிறோம். நீரின் பங்கு அங்கே நுணுக்கமாகப் பேசப்படுகிறது. இங்கே பங்கிட வேண்டியிருந்தது இழப்பு. அரசு அறிவித்த இழப்பீட்டைப் பெறப் பட்டா முதலிய ஆவணங்கள் வேண்டும். பாட்டன் பெயரிலேயே நிலம் கிடந்தவர்கள் அலைந்தனர்; வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைகளிடம் காட்ட எதுவுமில்லை. 2006இல் திறக்கப்பட்ட கிழக்கு பீல் குக்ஷியாவில் வண்டலும் சீராகப் படியவில்லை; வாயிலருகே மேடு, தொலைவில் பள்ளம்.

ஆகவே 2012இல் பீல் கபாலியாவைத் திறக்க அதிகாரிகள் முனைந்தபோது, மக்கள் கடுமையாக எதிர்த்தனர். மோதல் மூண்டு பணி நின்றது. அவர்களை அறியாதவர்கள் என்று நாம் கூறமாட்டோம். அண்டை பீலின் உழவர்கள் இழப்பீட்டுக்காகக் காத்திருந்ததை அவர்கள் கண்டிருந்தனர். அடுத்த பீல் திறக்கப்படாமையால் ஹரி நதி மீண்டும் தூர்ந்தது. அதன்மேல் 1960களில் கட்டப்பட்ட பவதஹ மதகைச் சூழ்ந்த ஊர்களில் பின்வந்த மழைக்காலங்களிலும் வீட்டு முற்றத்தில் நீர் நின்றது.