சிறைமுகாம் விரிவுரையும் உலக வரலாறும்

உலக வரலாற்றைப் பெருநூல்களின் வாயிலாகவே கற்றல் வேண்டும் என்பதும், பேராசிரியர்கள் ஆற்றும் சொற்பொழிவுகள் அந்நூல்களின் சுருக்கமேயன்றி வேறில்லை என்பதும் நம் மாணவரிடையே நிலவும் எண்ணங்களாகும். இவை முற்றும் பொருந்துவனவல்ல. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றுத் துறையை இயக்கிய பெருங்கருத்துகளுட் சில, அச்சேறுவதற்கு முன்னர்க் கேட்போர் முன்னிலையிற் பேச்சாகவே உருப்பெற்றன. பெல்சிய நாட்டு வரலாற்றாசிரியர் ஆன்றி பிரென் (1862–1935) ஆற்றிய விரிவுரைகள் இதற்குச் சிறந்த சான்று. அவற்றைக் கொண்டு, இத்தகைய பேச்சு நமக்குத் தருவது யாது, நம்மிடமிருந்து மறைப்பது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பிரென் 1886 முதல் 1930 வரை கெண்டுப் பல்கலைக் கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். செருமனியில் லைப்சிக், பெர்லின் ஆகிய இடங்களிற் பயின்று, செருமானிய வரலாற்று முறையைப் போற்றியவர். அவர்தம் பெல்சிய வரலாற்றின் முதற் றொகுதி பிரெஞ்சில் 1900-இல் வெளிவந்தது. அதன் செருமன் மொழிபெயர்ப்போ அதற்கும் ஓராண்டு முன்னரே வெளிவந்துவிட்டது. லைப்சிக்குப் பேராசிரியர் காரல் லாம்பிரெக்டு அவருக்கு நெருங்கிய நண்பர். ஆயினும் அக்காலத்துப் பிரென் முதன்மையாக ஒரு நாட்டின் வரலாற்றாசிரியரே என்பதை மறத்தலாகாது.

1914-இல் மூண்ட போர் இவ்வுறவுகளை அறுத்தது. செருமானியப் படை பெல்சியத்தைக் கைப்பற்றியது. பிரெனின் மைந்தர்களுள் ஒருவர் அவ்வாண்டே போர்க்களத்தில் உயிர் துறந்தார். ஆட்சியைக் கைக்கொண்ட செருமானியர், மூடிக்கிடந்த கெண்டுப் பல்கலைக் கழகத்தைப் பிளெமிசு மொழிக் கல்விக் கூடமாகத் திறக்க முற்பட்டனர். பிரெனும் அவருடன் பணியாற்றிய பால் பிரெடரிக்கும் இதற்கு உடன்பட மறுத்தனர். பிரெடரிக்கு பிளெமிசு மொழியுரிமைக்காகப் பாடுபட்டவர் என்பது கருதத்தக்கது. மறுப்பின் காரணம் மொழிப்பகை அன்று. அயலார் படைவலியால் வரும் எதனையும் ஏலாமையே. 1916 மார்ச்சு 18-ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டுச் செருமனிக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அவ்வாண்டின் இடைப்பகுதியிற் பிரென் ஓல்சுமிண்டன் முகாமிலிருந்தார். மரக் கொட்டகைகளில் பன்னாட்டு மக்கள் பல்லாயிரவர் அடைபட்டிருந்த இடம் அது. போர் தொடங்கியபோது லீயேசு நகரிற் பயின்றுகொண்டிருந்து பிடிபட்ட உருசிய மாணவர் சில நூற்றுவர் அங்கிருந்தனர். அவர்களுக்குப் பிரென் பொருளியல் வரலாறு கற்பித்தார். தம் நாட்டினர்க்குப் பெல்சிய வரலாற்றைத் தனியே கற்பித்தார். குறிப்பேடு இல்லை, நூலகம் இல்லை, மேற்கோள் காட்ட ஆவணம் இல்லை. நினைவில் நின்றவற்றைக் கொண்டே அவர் பேசினார்.

இவ்விரு வகுப்புகளுள் நம் கருத்தை ஈர்ப்பது உருசியர்க்கு நடத்திய வகுப்பேயாம். பெல்சியர்க்குப் பேசுங்கால், பிளாந்தர்சு நகரங்கள், கம்பளி நெசவு, வணிகர் குழுக்கள் ஆகியவற்றைப் பெயர் சொன்ன அளவிலேயே அவர்கள் அறிவர். உருசிய மாணவர்க்கோ அவை அயலானவை. ஒரு நகரம் ஏன் தோன்றியது, ஏன் அவ்விடத்திற் றோன்றியது, தம் நாட்டில் அத்தகைய நகரம் ஏன் தோன்றவில்லை என்று அவர்கள் வினவுதல் இயல்பு. இவ்வினாக்களுக்கு ஒரு நாட்டு வரலாற்றுள் விடையில்லை. எனவே ஆசிரியர் ஒப்பிட்டே விளக்கவேண்டியவராகிறார். பிரென் அம்மாணவரிடமே உருசிய மொழியைக் கற்கத் தொடங்கிப் பின்னர் உருசிய வரலாற்றாசிரியர்தம் நூல்களையும் படித்தார். கற்பித்தவரே கற்றவருமாயினார்.

ஐரோப்பா முழுமைக்கும் ஒரு வரலாறு எழுதும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. முகாமே அதனைத் தோற்றுவித்தது என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் அவ்வெண்ணத்திற்கு வடிவம் தந்ததில் அவ்விரிவுரைகளுக்குப் பங்குண்டு எனக் கருத இடமிருக்கின்றது. யேனா நகரிற் சில திங்கள் இருந்தபின், 1917-இன் தொடக்கத்தில் அவர் கிராய்சுபர்க்கு என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சனவரி 31-இல் எழுதத் தொடங்கினார். அவர் கையிலிருந்த வரலாற்று நூல் அவ்வூர்ப் பள்ளிப் பாடநூல் ஒன்றே. உரோமப் பேரரசு மேற்கில் வீழ்ந்தது முதல் தொடங்கிய அவ்வரலாறு, 1918 நவம்பரிற் போர் முடிந்து விடுதலை வந்தபோது பதினாறாம் நூற்றாண்டின் இடைப்பகுதியை எட்டியிருந்தது. அத்துடன் நின்றுவிட்டது. அவர் மறைந்தபின் மைந்தர் ழாக்கு பிரென் அதனை 1936-இல் வெளியிட்டார். அதனைப் பயில்வோர், அடிக்குறிப்புகள் இல்லாக் குறையினும், பேசும் குரலின் விரைவையும் தெளிவையுமே முதலில் உணர்வர்.

1923-இற் பிரசல்சு நகரில் அனைத்துலக வரலாற்றறிஞர் பேரவை கூடியபோது அதன் தலைவராகப் பிரென் ஆற்றிய உரை இங்கு நினைக்கத்தக்கது. இனத்தைக் கொண்டு வரலாற்றை விளக்கும் கொள்கையை அவர் மறுத்தார்; நாட்டுப்பற்றின் மயக்கத்தினின்று வரலாற்றாசிரியரைக் காப்பது ஒப்பீட்டு முறையே என்றார். அவ்வவையில் அன்று செருமானியர் இடம்பெறவில்லை. ஒப்பீட்டின் இன்றியமையாமையைப் பேசிய மன்றத்திலேயே ஒப்பிடற்குரிய ஒரு சாரார் இல்லாமற் போயினர். உரையின் உண்மை இதனாற் குறையாது. எனினும் அவ்வுரை எழுந்த சூழலையும் உடன்வைத்தே அதனைக் கற்றல் முறை.

பிரெனின் புகழ்பெற்ற கருத்தும் மேடைகளின் வாயிலாகவே பரவியது எனலாம். செருமானியக் குடிகள் உரோமப் பேரரசுள் புகுந்தமையாற் பண்டைய உலகம் அழியவில்லை. நடுநிலக் கடலின் வணிகம் அதன் பின்னும் நடந்தது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் இசுலாமியர் அக்கடலின் கரைகளை வென்றபோதே அவ்வொற்றுமை குலைந்து, மேற்கு ஐரோப்பா நிலத்துள் ஒடுங்கியது என்பது அக்கருத்து. 1922-இல் ஒரு கட்டுரையாக இதனை வெளியிட்ட பிரென், அவ்வாண்டின் இறுதித் திங்கள்களில் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் இடைக்கால நகரங்களைப் பற்றிப் பேசினார். அவ்வுரைகள் 1925-இல் ஆங்கில நூலாயின. கருத்தை விரித்துரைக்கும் பெருநூலோ அவர் மறைந்தபின் 1937-இலேதான் வெளிவந்தது.

1931-இல் அல்சியர்சு நகரில் அவர் இக்கருத்தைப் பற்றிப் பேசினார். கேட்டவருள் அந்நகரப் பள்ளியாசிரியர் ஒருவர் இருந்தார். அவரே பின்னாளிற் பெரும்புகழ் எய்திய பெர்னான் புரோதெல். பேசுவார்தம் கை விரிந்தும் மூடியும் நடுநிலக் கடல் முழுவதையும் திறந்தும் அடைத்தும் காட்டியதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் புரோதெல் வியந்து நினைவுகூர்ந்துள்ளார். ஒரு நாட்டையோ ஓர் அரசனையோ விடுத்து, ஒரு கடலையே வரலாற்றின் தலைமைப் பொருளாகக் கொள்ளலாம் என்பதை இளைஞர் ஒருவர்க்கு அவ்வுரை உணர்த்தியிருத்தல் வேண்டும். 1949-இல் வெளிவந்த புரோதெலின் நடுநிலக் கடல் பற்றிய பெருநூல் எழுந்த வகையும் பிரெனின் வாழ்வை ஒத்தது. 1940-இற் செருமானியரிடம் சிறைப்பட்ட அவர், மைன்சு, லூபெக்கு முகாம்களில் 1945 வரை இருந்தார். உடனிருந்த சிறையினர்க்கு வரலாற்று விரிவுரைகள் நிகழ்த்தினார். தம் நூலின் பெரும்பகுதியை நினைவிலிருந்தே ஏடுகளில் எழுதினார். அன்றாடச் செய்திகளின் ஆரவாரத்தைக் கடந்து நெடுங்கால இயக்கத்தைக் காண்க என்பதே அவ்விரிவுரைகளின் சாரம். தோல்வியுற்றுக் கம்பிவேலிக்குள் இருந்தோர்க்கு இது வெறும் ஆராய்ச்சி முறையாக மட்டும் இருந்திராது.

இனி, விரிந்து மூடும் அக்கையை ஐயுற்று நோக்குதலும் நம் கடன். கருத்தை ஒரே அசைவிற் காட்டுவது விரிவுரையின் ஆற்றல். அவ்வசைவில் விலக்குகள் மறைவது அதன் இடர். வணிகம் குன்றியதற்குப் பாப்பிரசு, நறுமணப் பண்டம், பட்டு, பொன் ஆகிய நான்கும் காலிய நாட்டில் அருகியமையைப் பிரென் சான்றாகக் காட்டினார். கோர்பி மடத்துக்கு 716-இல் வழங்கப்பெற்ற உரிமைப் பட்டயம் 30 இராத்தல் மிளகையும் 50 கட்டுப் பாப்பிரசையும் குறிப்பிடுகின்றது. பின்னைய ஆவணங்களில் இத்தகைய பண்டங்களைக் காண்பது அரிதாயிற்று. ஆயின் பாப்பிரசு போப்பாண்டவர் அலுவலகத்திற் பதினோராம் நூற்றாண்டு வரை வழங்கியது என்பதை இராபர்ட்டு லோபெசு 1943-இல் எடுத்துக்காட்டினார். வடகடல் நாடுகளிற் கிடைத்த அராபிய வெள்ளிக் காசுகளைக் கொண்டு இசுடூரே போலின் 1953-இல் வேறொரு வணிக வழியைச் சுட்டினார். ஓட்சசு, ஒயிட்டவுசு ஆகிய இருவரும் 1983-இல் அகழாய்வுச் சான்றுகளை ஆராய்ந்து, சரிவு இசுலாமியர் வருகைக்கு முன்னரே தொடங்கியது என நிறுவினர். பிரெனின் வினா இன்றும் நிலைபெற்றுள்ளது. விடை அவ்வடிவில் நிலைபெறவில்லை.

தமிழறிஞர்க்கு அம்மிளகு தனிக் கருத்துக்குரியது. மிளகு காலிய மடங்களின் பட்டியலினின்று மறைந்தமை அதனை உண்டோரின் வறுமையைக் காட்டுமேயன்றி, அதனை விளைத்தும் விற்றும் வந்தோர்தம் கடல் அடைபட்டமையைக் காட்டாது. நடுநிலக் கடல் மூடிக் கிடந்ததாகப் பிரென் கொண்ட அந்த ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, தாய்லாந்தின் மேலைக் கரையிலுள்ள தக்குவாபா என்னுமிடத்தில் ஒரு குளம் வெட்டப்பட்டு, மணிக்கிராமத்தார் முதலானோர் காவலில் விடப்பட்டதைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகின்றது. 1088-இற் சுமத்திராவின் பாருசுப் பகுதியில் ஐந்நூற்றுவர் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தனர். ஓல்சுமிண்டனில் உருசிய மாணவர் இருந்தமையாற் பிரெனின் ஒப்பீடு கிழக்கு ஐரோப்பா வரை விரிந்தது. அல்சியர்சு மன்றத்தில் இந்துமாக் கடலை வினவுவார் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வுரை நிகழ்ந்த மறு ஆண்டாகிய 1932-இற்றான், சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் சுமத்திராவிலிருந்த தமிழ் வணிகக் குழுவைப் பற்றிய தம் கட்டுரையைப் பத்தாவியாவின் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்.