துடிக்கும் கண்ணும் கிழிந்த தமனியும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

விபத்தில் தலையில் அடிபட்ட சிலருக்கு, நாட்களோ வாரங்களோ கழிந்தபின் ஒரு கண் சிவந்து, பிதுங்கி, நாடியோடு சேர்ந்து துடிக்கத் தொடங்கும். தலைக்குள் இரைச்சலும் கேட்கும். அறிகுறி கண்ணில் தெரிந்தாலும் நோயின் வேர் மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ளது. அங்குள்ள கேவர்னஸ் சைனஸ் என்னும் சிரைக்குடாவினுள் உட்கரோட்டிட் தமனி கிழிய, உயரழுத்தக் குருதி கண்ணின் சிரைகளில் பின்னோக்கிப் பாய்கிறது. கவனியாது விட்டால் பார்வை பறிபோகலாம். சிலருக்கு மூளையில் குருதிக்கசிவும் நேரலாம்.

1809இல் லண்டன் அறுவை மருத்துவர் பெஞ்சமின் டிராவர்ஸ், துடிக்கும் கண்ணுடைய ஒரு பெண்ணுக்குக் கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியைக் கட்டினார். கோளாறு கண்குழிக்குள் இருப்பதாகவே அவர் கருதினார். நோயாளி தேறினார். ஆயினும் இம்முறையில் இரு இடர்கள் இருந்தன: மூளைக்குக் குருதி குறைந்து பக்கவாதம் வரக்கூடும், பிற தமனிகள் வழியே கிழிசலுக்குக் குருதி மீண்டும் வந்து சேரவும் கூடும்.

1927இல் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் காணும் வழியைக் கண்டார். கிழிசல் இருக்கும் இடம் உயிருள்ள நோயாளியிடமே புலப்படலாயிற்று. மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ, குழாயின் நுனியிலிருந்து பிரித்து விடக்கூடிய பலூனை உருவாக்கி, 1974இல் ஆங்கில ஆய்விதழில் தம் அனுபவத்தை வெளியிட்டார். தமனியைப் பலி கொடுக்காமல் கிழிசலை மட்டும் அடைப்பது அதன்பின் இலக்காயிற்று.

அதே பத்தாண்டில்தான் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவானது. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் கட்டடத்தை வழங்கியது. 1976இல் நோயாளிகளுக்கான சேவை தொடங்கியது. 1980இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இந்நிறுவனத்தின் கதிரியக்க மருத்துவர்கள் இத்தகைய கிழிசல்களைக் குழாய்வழி அடைத்த தம் அனுபவத்தைப் படங்களுடன் தொகுத்து 2006இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். பலூன், உலோகச் சுருள் முதலியவற்றுள் எதை எப்போது தேர்வது என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

எனினும் கருவிகளின் வரலாறு மட்டும் கண்ணைக் காத்துவிடாது. அடிபட்டபின் சிவந்த கண்ணைச் சாதாரணக் கண்நோயாகக் கருதிச் சொட்டு மருந்தோடு நிறுத்திவிட்டால், பார்வையைக் காக்கும் காலம் கைநழுவும். தலைக்காயம் பற்றிய ஒரு கேள்வியும், கண்மீது வைத்துக் கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பும் பல வேளைகளில் நோயைக் காட்டிக் கொடுக்கும். அதற்கும் முந்தைய காப்பு சாலையில் இருக்கிறது: தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு 1988ஆம் ஆண்டினது.