பிடி

வல்வில் ஓரியின் அம்பு எத்தனை பிராணிகளைத் துளைத்தது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் பளிச்சென்று சொல்லிவிடுவான். யானை, புலி, மான், காட்டுப்பன்றி, கடைசியில் புற்றிலே கிடந்த உடும்பு. ஆக ஐந்து. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லிவைத்த சங்கதி இது. ஆனால் அந்த அம்பை விட்டபோது ஓரியின் இடது கை எதைப் பற்றிக்கொண்டிருந்தது என்று யாராவது கேட்டதுண்டா? வில்லைத்தான் என்பீர்கள். வில்லில் எந்த இடத்தை? அந்த இடத்தில் தோல் சுற்றியிருந்ததா, நார் வரிந்திருந்ததா, வெறும் கட்டைதானா? வியர்வை வழுக்கிற்றா?

வன்பரணர் பேரில் குற்றம் சொல்ல நான் வரவில்லை. காட்டிலே எதிர்ப்பட்ட வேட்டுவனை இன்னான் என்று தெரியாமலே பார்த்து, ஆரம் தாழ்ந்த மார்பைக் கண்டு, 'இவன் கூலிக்குக் கொல்லுகிறவன் அல்ல' என்று ஊகித்த கண் அவருடையது. அந்தக் கண்ணும் பிடியைத் தாண்டிப் போய்விட்டது. ஆயுதங்களைப் பற்றி எழுதினவர்கள் எல்லாருமே இப்படித்தான். முனையைப் பாடுவார்கள், கூரைப் பாடுவார்கள். பிடியைப் பாடினவர் இல்லை. (பிடி என்றால் பெண் யானை என்றும் பொருள். அதைப் பாடினவர்களுக்கு மட்டும் நம் தமிழில் பஞ்சமே இல்லை!)

என் அபிப்பிராயத்தில் ஓர் ஆயுதத்தில் மனிதனுக்குச் சொந்தமான பாகம் பிடி ஒன்றுதான். மற்றதெல்லாம் கொல்லனுக்கும் எதிரிக்கும் சேர்ந்தவை.

ஜப்பானியர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களுடைய வாளின் பிடியில் முதலில் திருக்கை மீனின் தோலைப் போர்த்துவார்கள். சொரசொரவென்று மணல்மணலாக இருக்கும் தோல் அது. அதன்மேல் பட்டு நாடாவைக் குறுக்கு மறுக்காக இறுக்கிச் சுற்றுவார்கள். நாடா நழுவாமல் தோலின் முள்ளு பிடித்துக்கொள்ளும். கை நழுவாமல் நாடாவின் முடிச்சு பிடித்துக்கொள்ளும். இந்தத் தோலுக்காகச் சயாம் முதலிய தேசங்களிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றிச் சென்றார்கள்.

வெள்ளைக்காரர்களின் துப்பாக்கிக் கட்டைக்கு வேறொரு வித்தை. கை பற்றுகிற இடத்தில் சிற்றுளியால் சாய்கோடுகளாகக் கீறி, அவற்றை வெட்டும்படி மறுபடியும் கீறினால், சின்னஞ்சிறு கூம்புகளாக மரம் நிமிர்ந்து நிற்கும். கோடு ஒன்று பிசகினாலும் கட்டை முழுதும் பாழ். கண்ணைக் கொடுத்துக் கற்ற தொழில். 1964ல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி செலவைக் குறைக்க வேண்டி, உளியை ஒதுக்கிவிட்டு அச்சை வைத்து அழுத்தத் தொடங்கிற்று. வேறு சில இடங்களிலும் கையைக் கட்டினார்கள். விளைவு? 'அறுபத்து நாலுக்கு முந்தியதா, பிந்தியதா?' என்று கேட்டுத்தான் இன்றும் அந்தத் துப்பாக்கிக்கு விலை பேசுகிறார்கள்.

அதற்குள்ளாகவே மரத்துக்கு எமன் வந்துவிட்டான். 1959ல் ரெமிங்டன் கம்பெனியார் நைலானால் செய்த கட்டையோடு ஒரு துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கோடும் கூம்பும் வார்ப்பிலேயே வந்துவிட்டன. 1982ல் ஆஸ்திரியாவின் ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி, காஸ்டன் க்ளாக் என்பவர் செய்தது. அவர் அதற்குமுன் செய்துவந்த சாமான்களில் ஜன்னல் திரை மாட்டும் கம்பியும் ஒன்று! சட்டம் முழுதும் பாலிமர். லேசு, துருப்பிடிக்காது, மலிவு. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அமெரிக்காவில் அதை வாங்கினவர்களில் பலர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, ரேடியோ ரிப்பேர்க்காரன் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் அந்தப் பிளாஸ்டிக்கில் புள்ளி புள்ளியாகப் பொறித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் சட்டமே கெட்டுப்போகும். தெரிந்தும் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வந்த பொருளில் தன் கையை அடையாளம் போட்டால்தான் அது தன்னுடையது என்ற நிச்சயம் வருகிறது போலும்.

நம் பக்கத்துக்கு வருவோம். கொல்லிமலையிலிருந்து இறங்கிப் போனால் எட்டுகிற தூரத்தில்தான் திருச்சிராப்பள்ளி. அங்கே 1966ல் தொடங்கிய சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலையில் பாலிமர் பிடி வைத்த துப்பாக்கிகள் உருவாகியிருக்கின்றன. அடிவாரச் சீமையில் இப்படி என்றால், மலைமேல் துப்பாக்கியின் கதை வேறு மாதிரிப் போயிற்று.

அதற்கு 1801ஆம் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கும்பெனி அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830ல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வளரி, பிறை போல வளைந்த ஆயுதம். ஒரு நுனி கனம், மறு நுனி மெல்லிசு. மெல்லிய நுனியைப் பிடித்துச் சுழற்றி வீச வேண்டும். பிடியைச் சொல்லித்தராமல் வளரியைச் சொல்லித்தர முடியாது. வெள்ளைக்கார வாலிபனின் விரல்களைச் சிவகங்கைச் சீமையின் அதிபதியே எடுத்து வைத்துச் சரிப்படுத்தியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த வாலிபன் பிற்பாடு அவரை எதிர்த்த படையில் வந்தான். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று பிரகடனம் வெளியிட்டார்.

சேலம் சீமை அதற்கு முன்பே, 1792ல், திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் வசமாகியிருந்தது. ஆனாலும் மலைமேல் யார் ஏறிப் பார்த்தார்கள்? எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று பஸ் போகும் பாதை அன்றைக்கு இல்லை. மலையாளி என்று பெயர் பெற்ற மலைக்குடிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு, சாமையும் கேழ்வரகும் விதைத்தார்கள். பன்றி வந்தால் விரட்டினார்கள். அதற்கு வைத்திருந்தது, வாய்வழியே மருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கி.

1878ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாதவனைக் குற்றவாளியாக்கிற்று. சுதந்திரம் வந்தது, 1959ல் நாமே புதுச் சட்டம் எழுதினோம். அதன் 13ஆம் பிரிவு, பயிரைக் காக்க வாய்வழித் துப்பாக்கி கேட்டு வருகிறவனுக்கு லைசென்ஸ் தர இடம் வைத்திருக்கிறது. நல்ல மனத்தோடு எழுதின வாசகம்தான். ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும், கச்சேரிக்கு இறங்கி வர வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டையையும் நிறுத்திற்று. அதுவும் நியாயமே, காடு காலியாகிக்கொண்டிருந்தது. அந்தத் துப்பாக்கிகளால் மனிதர் செத்ததும் உண்டு.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. குடகு நாட்டாருக்கு மட்டும் 1861லேயே ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கிடைத்தது. அவர்கள் துப்பாக்கிக்குப் பூஜை போடுகிறவர்கள், ராஜவிசுவாசிகள் என்று பெயர் எடுத்தவர்கள். 2019ல் நம் சர்க்காரும் அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. அதே 2019ல்தான் மற்றவர்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கின திருத்தமும் நிறைவேறிற்று. ஆடிமாதத்தில் செம்மேட்டில் குதிரைமேல் இருக்கும் ஓரியின் சிலைக்கு மாலை போட்டு விழா எடுக்கிறோம். அவன் மலையில் பயிர் செய்கிறவன் கையில் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது.

போலீஸார் ஊர் ஊராகச் சொல்லி, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கச் செய்திருக்கிறார்கள். வாழவந்திநாட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தம்முடையதும் போயிற்று என்றார்.

"அப்பாரு காலத்துதுங்க. கட்டை பலாமரம். பிடிக்கிற எடத்துல அவரே வெட்டு வெட்டா கீறி வெச்சிருந்தாருங்க. மழைல வழுக்கக்கூடாதுன்னு."

"கொடுக்கும்போது வருத்தமாக இல்லையா, பெரியவரே?"

"கொழாயத்தானுங்க தட்டிப் பாத்தாங்க. கட்டைய ஆரும் பாக்கலைங்க."

சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிப் பக்கம் போனார். அரிவாளின் பிடியில் புது நூல் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது.