கிடர்பூர்க்காரர் போட்ட டைம்டேபிள்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு அரிச்சுவடி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது மகளுக்காக வாங்கியது. கூடவே உயிர்மெய் எழுத்து சார்ட், நான்கு கோடு நோட்டு அரை டஜன். கொல்கத்தா திரும்பியதும் எக்செல்லில் கலர் கலராக ஒரு டைம்டேபிள் போட்டேன். ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை தமிழ் வகுப்பு. இதுவரை நடந்த வகுப்புகள் எத்தனை என்று கேட்காதீர்கள். சுலபமாக எண்ணிவிடலாம், ஏனென்றால் பூஜ்யம்.

நான் வேலை பார்ப்பது கிடர்பூர் டாக் பக்கம். கப்பல், கன்டெய்னர், கஸ்டம்ஸ் பேப்பர் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மகள் நாலாம் வகுப்பு. கடை போர்டில் இருக்கும் பெங்காலியை எனக்குப் படித்துச் சொல்வதே அவள்தான். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்து தெரியாது. "அடுத்த லீவுல ஆரம்பிக்கலாம்" என்பேன். தங்கமணி ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான்.

நிற்க. இந்தப் பதிவு என்னைப் பற்றியது அல்ல. இதே கிடர்பூரில் வளர்ந்து, நம் சென்னைக்குப் போய் எட்டு வருஷம் குப்பை கொட்டிய ஒருவரைப் பற்றியது. பெயர் மைக்கேல் மதுசூதன் தத். வங்காளிகள் நம் பாரதி மாதிரி கொண்டாடும் கவிஞர்.

பிறந்தது 1824-ல், ஜெஸ்ஸூர் பக்கம் சாகர்தாரி கிராமத்தில். இப்போது அது பங்களாதேஷில் இருக்கிறது. அப்பா கல்கத்தாவில் பெரிய வக்கீல், கிடர்பூரில் வீடு. அப்போது இந்த டாக் எல்லாம் கிடையாது. தோண்டவே 1880களில்தான் ஆரம்பித்தார்கள். பையன் இந்து காலேஜில் படித்தான். அவனுக்கு ஒரே கனவு, ஆங்கிலத்தில் பெரிய கவிஞன் ஆகவேண்டும், இங்கிலாந்து போகவேண்டும். 1843-ல் கிறிஸ்தவனாக மாறினான். கொஞ்ச காலம் கழித்து அப்பா பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். 1847 கடைசியில் கப்பல் ஏறி, 1848 ஆரம்பத்தில் மதராஸில் வந்து இறங்கினார்.

அங்கே அனாதைப் பிள்ளைகள் பள்ளி ஒன்றில் வாத்தியார் வேலை. கல்யாணமும் அங்கேயே. 1849-ல் 'தி கேப்டிவ் லேடி' என்று ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை எழுதி மதராஸிலேயே அச்சுப் போட்டார். பெரிதாக விற்கவில்லை. அதே வருஷம் கல்கத்தாவில் இருந்த நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: எனக்கு வங்காளி மறந்துகொண்டே வருகிறது, வங்காளி ராமாயணமும் மகாபாரதமும் அனுப்பி வை என்று. வெளியூரில் இருக்கும் நமக்கு இது நெஞ்சில் தைக்கும்.

கௌர்தாஸ் அந்த ஆங்கிலக் கவிதையை பெத்தூன் துரைக்கு அனுப்பினார். கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தாரே, அதே பெத்தூன். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உங்கள் நண்பர் இவ்வளவு திறமையைத் தன் தாய்மொழிக்குச் செலவிட்டால் உபயோகமாக இருக்கும்.

யோசனை மதுசூதனுக்குப் பிடித்துவிட்டது. 1849 ஆகஸ்டில் தன் தினசரி டைம்டேபிளை கௌர்தாஸுக்கு எழுதி அனுப்பினார். காலை 6 முதல் 8 ஹீப்ரு. 8 முதல் 12 பள்ளி வேலை. 12 முதல் 2 கிரேக்கம். 2 முதல் 5 தெலுங்கும் சமஸ்கிருதமும். 5 முதல் 7 லத்தீன். 7 முதல் 10 ஆங்கிலம். இதெல்லாம் தாய்மொழியை அழகுபடுத்தத்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதை முதல் முறை படித்தபோது அசந்துபோனேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பட்டியலில் வங்காளியே இல்லை!

சோம்பேறிகள் தள்ளிப்போடுவது ஒரு வகை. உழைப்பாளிகள் தள்ளிப்போடுவது வேறு வகை. அது வெளியே தெரியாது, ஏனென்றால் அது 'தயாரிப்பு' என்ற வேஷத்தில் வரும். சார்ட் வாங்குவதும் எக்செல்லில் கலர் அடிப்பதும் அந்த வகைதான். தயாரிப்பு வீண் என்று சொல்லவரவில்லை. அந்தக் கிரேக்கமும் லத்தீனும் பின்னால் அவர் காவியத்துக்கு உரமாயின. ஆனால் அதற்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. மதராஸில் பத்திரிகை வேலை, இன்னொரு பள்ளி வேலை என்று காலம் போனது. பெற்றோர் இருவரும் காலமான பிறகு 1856-ல் கல்கத்தா திரும்பினார். கிடர்பூர் சொத்தைச் சொந்தக்காரர்களிடமிருந்து மீட்கவே வழக்காட வேண்டியிருந்தது. போலீஸ் கோர்ட்டில் ஒரு உத்தியோகம். வங்காளியில் ஒரு வரி வெளிவரவில்லை.

திருப்பம் 1858-ல். பெல்கச்சியாவில் பைக்பாரா ராஜாக்கள் 'ரத்னாவளி' என்ற நாடகம் போட்டார்கள். வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காக அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. கௌர்தாஸ் இவரைக் கூட்டிக்கொண்டு போனார். இவரோ, இந்தச் சாதாரண நாடகத்துக்கா இவ்வளவு செலவு என்று அலுத்துக்கொண்டார். எங்களிடம் நல்ல நாடகம் இல்லையே என்று பதில் வர, நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொல்லியாகிவிட்டது, இனி ஓட முடியாது. அப்படி வந்ததுதான் 'சர்மிஷ்டா'. 1859-ல் அச்சாகி அதே மேடையில் ஏறியது.

அடுத்தது ஜதீந்திரமோகன் தாகூரோடு ஒரு பந்தயம். எதுகை இல்லாத செய்யுள் வங்காளியில் எடுபடாது என்றார் அவர். முடியும் என்றார் இவர். எழுதிக்காட்டினால் அச்சுச் செலவு என்னுடையது என்றார் அவர். 1860-ல் 'திலோத்தமா சம்பவம்' வந்தது. 1861-ல் 'மேகநாதவத காவியம்', ஒன்பது சருக்கம். மேகநாதன் வேறு யாருமில்லை, கம்பனில் நமக்குத் தெரிந்த இந்திரஜித்துதான். இத்தனையும் கோர்ட் உத்தியோகம் பார்த்துக்கொண்டே.

கணக்குப் பாருங்கள். டைம்டேபிள் போட்டதிலிருந்து முதல் நாடகத்தை எழுத உட்காரும் வரை ஒன்பது வருஷம். உட்கார்ந்த பிறகு, பெயர் சொல்லும் காரியமெல்லாம் ஏறக்குறைய நாலே வருஷத்தில். நடுவில் மாறியது அறிவு இல்லை. யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து 'எங்கே காட்டு' என்று கேட்டார். தனக்குத்தானே கொடுத்த வாக்கை ஒன்பது வருஷம் தள்ளிய மனிதர், அடுத்தவருக்குக் கொடுத்ததைச் சில மாதத்தில் முடித்தார்.

கதை சுபமாக முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1862-ல் சின்ன வயசுக் கனவான இங்கிலாந்துக்குப் போனார். கையில் காசில்லாமல் வெர்சேயில் குடும்பத்தோடு தவித்தபோது வித்யாசாகர்தான் பணம் அனுப்பிக் காப்பாற்றினார். 1866-ல் பாரிஸ்டர் ஆகிவிட்டார், ஆனால் கடன் விடவில்லை. 1873 ஜூன் 29-ல், 49 வயதில் போய்விட்டார். பிடிவாதமாக முடிப்பதற்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் இருக்கிறது.

சரி, பீரோவுக்கு வருவோம். போன வருஷத்திலிருந்து அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. வயசு 81, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். போனில் பேத்தி கத்திக் கத்திப் பேசுவாள், அவர் சிரிப்பார், அவ்வளவுதான். கண் மட்டும் நன்றாக இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் படிப்பார். பேத்திக்கும் அவருக்கும் நடுவில் இனி எழுத்து ஒன்றுதான் வழி. அதைத்தான் நான் அடுத்த லீவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் முன்னால் அக்காவுக்கு போன் செய்து, "இந்த மாசக் கடைசிக்குள்ள பேத்தி கைப்பட லெட்டர் வருதுன்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்றேன். மறுநாளே அக்கா போன். "தம்பி, தபால்காரர் வந்தா அப்பா வாசலுக்குப் போயிடறாருடா." மாட்டிக்கொண்டேன்.

247 எழுத்து முடித்துவிட்டு வார்த்தைக்குப் போகலாம் என்ற திட்டத்தைத் தூக்கிப்போட்டேன். 'தாத்தா'வுக்கு என்ன வேண்டும்? ஒரு த, ஒரு கால், ஒரு புள்ளி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் பெயர். கீழே ஒரு கப்பல் படம். போஸ்ட்கார்டு போய்ச் சேர்ந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. அவள் எழுதிய 'தாத்தா'வில் நடு எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்திருக்கிறாள். அப்பா அதைப் பெரிதாக எழுதி, புள்ளியை மட்டும் சிவப்பு மையில் வைத்து அனுப்பியிருந்தார். கீழே, "அடுத்த கடிதம் எப்போது?" என்று ஒரு கேள்வி.

இப்போது அவளே ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். உங்கள் வீட்டு பீரோவில் என்ன இருக்கிறது?