ஸீரோ: மனிதன் கைபட்ட மலையூர்

"ஸீரோவா? அங்கே என்னப்பா இருக்கு?" என்று கேட்டான் என் பழைய ஹாஸ்டல் நண்பன். அருணாசலப் பிரதேசத்தில், 5,000 அடிக்கு மேல் உள்ள பள்ளத்தாக்கு அது. 1873-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இன்றும் வெளியார் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். கைபடாத இயற்கையைப் பார்க்கலாம் என்றுதான் நானும் போனேன்.

போய்ப் பார்த்தால், கைபடாத இடமே இல்லை! அபதானி மக்கள் ஏரும் மாடும் இல்லாமல், கையாலேயே வயலைக் கொத்திச் சமன்செய்து நெல் விளைவிக்கிறார்கள். ஓடையை மறித்து வாய்க்கால், வரப்புக்குள் மூங்கில் குழாய், வரப்பின் மேல் கேழ்வரகு, வயல் தண்ணீரில் கெண்டை மீன். மீன் மட்டும் 1960-களில் வந்த புதுசு. 1944-ல் மானிடவியலாளர் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப் வந்தபோதே வயல்கள் இப்படித்தான் இருந்தன. சுற்றுப்புற மலைகளில் காடெரித்து இடம்மாற்றிப் பயிர் செய்த காலத்திலும், இவர்கள் ஒரே மண்ணில் நிலைத்து உழைத்தவர்கள்.

முகத்தில் பச்சையும் மூக்கின் இருபுறமும் கரிய செருகியுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். கேமராவை எடுத்தேன், வேண்டாம் என்று தலையசைத்தார். வெட்கத்தோடு உள்ளே வைத்துவிட்டேன். அந்த வழக்கத்தை 1970-களில் அவர்களுடைய இளைஞர்களே முன்வந்து நிறுத்தினார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அவர்கள் முடிவு. "மாறாமல் இருங்கள்" என்று சொல்ல நான் யார்?

தம்பி தங்கைகளே, நாளை அங்கே ஒரு திட்டத்துக்குப் போனால், லெவல் கருவியை நிறுத்துமுன் வாய்க்கால் பார்ப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஹைட்ராலிக்ஸில் அவர் நமக்கு சீனியர்!